ஆள் தெரியாத வீட்டிலிருந்து: மலையகப் பட்டதாரி ஒருவர் சமூக ஊடகம் வழியாக வேலை தேடிய விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

மலையகத்தில் பட்டம் பெற்று வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்க ஏன் இவ்வளவு தாமதமாகிறது என்று கேட்டால், ஆங்கிலம் போதாது என்பார்கள். அனுபவம் இல்லை என்பார்கள். கொழும்பு தூரம் என்பார்கள். மூன்றும் உண்மைதான். ஹட்டனில் உயர்தர வகுப்புகளுக்குக் கற்பித்தபடி, பழைய மாணவர்களின் வேலை தேடலிலும் கூட நிற்பவள் என்ற முறையில் நான் இவற்றுக்கு முன்னால் வைப்பது வேறொன்றை: அந்தப் பிள்ளைகளுக்கு ஆள் தெரியாது. விண்ணப்பத்தைப் படிக்கப்போகிறவர் யார், அந்த நிறுவனத்தில் இப்போது என்ன நடக்கிறது, பத்திரிகையில் வராத வேலை எங்கே காலியாக இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒருவர்கூட அவர்களுடைய வீட்டிலோ உறவிலோ இல்லை. சமூக ஊடகம் உருப்படியாக உதவக்கூடிய இடம் இதுதான். வேலை கேட்பதற்காக அதில் நுழைகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்து திரும்புகிறார்கள். ஆட்களை அறிந்துகொள்வதற்காக நுழைகிறவர்களுக்கு மெதுவாகவேனும் அது கைகொடுக்கிறது.

இதை என் பழைய மாணவி ஒருவரின் அனுபவத்தை வைத்து எழுதுகிறேன். அவருடைய சம்மதம் உண்டு. பெயர், தோட்டம், பல்கலைக்கழகம், இப்போது வேலை செய்யும் நிறுவனம் ஆகியவற்றை அவர் கேட்டுக்கொண்டபடி தவிர்த்திருக்கிறேன்.

வீடும் விண்ணப்பங்களும்

டிக்கோயாப் பக்கத்தில் ஒரு தோட்டம். அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பாவுக்குக் கொழும்பில் பலசரக்குக் கடையொன்றில் வேலை; தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார். மகள் ஹட்டனில் உயிரியல் பிரிவில் உயர்தரம் எடுத்து, அரச பல்கலைக்கழகமொன்றில் உணவு விஞ்ஞானம் படித்து முடித்தார். அந்த லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், முதல் பட்டதாரி அவர்.

தேயிலையின் தரம் பார்க்கும் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அம்மா பறிக்கும் கொழுந்து தோட்டத்துத் தொழிற்சாலையில் வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தி, சலித்துத் தரம் பிரித்து, கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. 1883 இல் தொடங்கிய ஏலம் அது. கொரோனா முடக்கத்தின்போது, 2020 ஏப்ரலில், இணையத்துக்கு மாறியது. தரகர் நிறுவனங்களில் தேநீர் ருசி பார்ப்பவர்கள் ஒவ்வொரு மாதிரியையும் உறிஞ்சித் துப்பி மதிப்புச் சொல்கிறார்கள். மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023 இல் நினைவுகூர்ந்தோம். தலைமுறை தலைமுறையாகத் தேயிலையோடு வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த ஏலத்தின் மறுமுனையில் இருக்கும் ஒரு மனிதரையும் தெரியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

பட்டம் முடிந்த பிறகு ஓர் ஆண்டுக்கு மேல் அவர் செய்தது எல்லோரும் செய்வதையே. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வந்த விளம்பரங்களுக்கு விண்ணப்பித்தார். வேலைவாய்ப்பு இணையத்தளங்களில் சுயவிபரக்கோவையை ஏற்றினார். பெரும்பாலான இடங்களிலிருந்து பதில் இல்லை. ஒரே ஓர் இடத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. வந்து சேரும்போது தேர்வுத் திகதி முடிந்துபோயிருந்தது. லயத்து வீடுகளுக்குத் தனித்தனி இலக்கமும் முகவரியும் இல்லாத தோட்டங்கள் இன்னும் உண்டு. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து யாராவது கையில் எடுத்து வந்தால்தான் வீட்டுக்கு வரும். எத்தனை பிள்ளைகளின் எதிர்காலம் அந்த அலுவலகத்து மேசையில் கிடந்து பழுத்திருக்கிறது! இந்த விஷயத்தில் என் கோபம் ஆறவே ஆறாது.

அதற்கிடையில் ஊரில் எல்லோரும் ஒரே ஆலோசனையைச் சொன்னார்கள்: ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திரு. தோட்டத்துப் பிள்ளை மாதச் சம்பளத்துக்குப் போகும் வழியென்றால் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஆசிரியத் தொழில்தான். நானும் அந்த வழியில் வந்தவள்தான், அதைக் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் நுண்ணுயிர்ப் பரிசோதனை செய்யத் தெரிந்த ஒருவர் அதை விட்டுவிட்டுக் காத்திருப்பது அவருக்கும் நட்டம், நாட்டுக்கும் நட்டம்.

தெரிந்தவர்கள் பட்டியல்

அவர் என்னிடம் வந்தபோது நாங்கள் முதலில் திறந்தது ஒரு கொப்பியை. அழைத்தால் தொலைபேசியை எடுத்துப் பேசக்கூடியவர்கள் எல்லோருடைய பெயரையும் எழுதச் சொன்னேன். பட்டியல் சிறியதாக இருக்கவில்லை. உறவினர்கள், லயத்தார், பாடசாலைத் தோழிகள், பல்கலைக்கழக விடுதித் தோழிகள், ஆசிரியர்கள். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் என்ன வேலை செய்கிறார் என்று எழுதச் சொன்னேன். கொழுந்து பறித்தல், கொழும்பில் கடை, கட்டாரில் வீட்டு வேலை, ஆசிரியர், ஆசிரியர், கிராம உத்தியோகத்தர், ஆடைத் தொழிற்சாலை. விடுதித் தோழிகள் எல்லோரும் இவரைப் போலவே வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பட்டியலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒருவருக்குத் தெரிந்த செய்தி மற்றவர்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அன்புக்குக் குறைவில்லாத, செய்திக்கு வறட்சியான வட்டம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973 இல் எழுதிய கட்டுரை இந்த நிலையைத்தான் பேசுகிறது. பொஸ்டனுக்கு அருகில் உள்ள நியூட்டன் என்ற நகரில், புதிதாக வேலை மாறிய தொழில்சார் ஊழியர்களை அவர் விசாரித்தார். அறிமுகமானவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்த அறிமுகக்காரரை அடிக்கடி சந்தித்தவர்கள் ஆறில் ஒரு பங்கினர் மட்டுமே. பாதிக்கு மேற்பட்டவர்கள் எப்போதாவது சந்தித்தவர்கள். கால் பங்குக்குச் சற்று மேல் அரிதாகவே சந்தித்தவர்கள். நெருங்கியவர்களிடம் நமக்குத் தெரிந்ததே இருக்கும், எட்ட இருப்பவர்களிடம்தான் புதுச் செய்தி இருக்கும் என்பது அவர் கண்ட முடிவு.

அந்தக் கருத்தை, தொழில் தொடர்புகளுக்கான சமூக ஊடகத் தளமான லிங்க்ட்இன்னில் சோதித்துப் பார்த்த ஆய்வு 2022 இல் சயன்ஸ் ஆய்விதழில் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளில் இரண்டு கோடிப் பயனர்களுக்கு, ‘இவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்று காட்டும் பரிந்துரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பயனர்களுக்கு அறிவிக்காமல் இப்படிச் செய்யலாமா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. எனக்கும் அது நெருடுகிறது. முடிவு என்னவென்றால், வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியவை நடுத்தர தூரத்தில் இருக்கும் அறிமுகங்கள்: முற்றிலும் அந்நியரும் இல்லை, கூடப் பிறந்தவரைப் போன்றவரும் இல்லை, பொதுவாகச் சிலரை இருவரும் அறிந்திருக்கும் அளவுக்குத் தொடர்புள்ளவர்கள். இன்னொன்றையும் அது கண்டது. கணினியும் இணையமும் ஆழமாக ஊறிய துறைகளில் இந்தத் தளர்ந்த அறிமுகங்கள் நன்றாக வேலை செய்தன. அப்படி ஊறாத துறைகளில் நெருங்கிய உறவுகளே மேலாக இருந்தன. இந்த இரண்டாவது முடிவைப் பின்னால் மறுபடி எடுப்பேன்.

ஆகவே எங்கள் மாணவிக்கு வேண்டியிருந்தது நடுத் தூரத்து மனிதர்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால், அதே பல்கலைக்கழகத்தில் அதே துறையில் அவருக்கு நான்கைந்து ஆண்டுகள் முன்னால் படித்து வெளியேறியவர்கள். ஒரே விரிவுரையாளர்களிடம் படித்தவர்கள். இவரை நேரில் அறியாதவர்கள்.

கணக்கைத் திருத்தியது

அவரிடம் லிங்க்ட்இன் கணக்கு ஏற்கெனவே இருந்தது. பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டுப் பயிற்சியொன்றில் எல்லோரையும் திறக்கச் சொன்னதால் திறந்தது. படம் இல்லை. பெயர் சிறிய எழுத்துகளில். தலைப்பு வரியில் ‘மாணவி’.

பெயரில் தொடங்கினோம். தேசிய அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டல், பட்டச் சான்றிதழில் இன்னொன்று, முகநூலில் மூன்றாவது. அப்பாவின் பெயரை முதலெழுத்தாக மட்டும் போடும் நம் வழக்கத்துக்கு அந்தத் தளத்தின் இரண்டு கட்டங்கள் ஒத்துவராது. சான்றிதழில் உள்ளபடியே அப்பாவின் பெயரை முழுமையாகக் கடைசிக் கட்டத்தில் போட்டார். மின்னஞ்சல் முகவரியையும் சுயவிபரக்கோவையையும் அதே எழுத்துக்கூட்டலுக்கு மாற்றினார். தேடுகிறவர் தேடும்போது கிடைக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். இதில் கவனம் இல்லாத பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

தலைப்பு வரிக்கு 220 எழுத்துகள் இடம் உண்டு. வேலை தேடுகிறேன் என்று எழுதி அந்த இடத்தை வீணாக்குவோர் பலர். அவர் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது: ‘உணவு விஞ்ஞானப் பட்டதாரி, தேயிலைத் தரம், ஈரப்பதன் அளவீடு, நுண்ணுயிர்ப் பரிசோதனை, தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்.’ கடைசிச் சொற்றொடரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அவர் நீண்ட நேரம் தயங்கினார். “டீச்சர், தோட்டம் என்று போட்டால் குறைவாக நினைப்பார்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் எவ்வளவு பட்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அம்மாவின் கஷ்டத்தை விற்று யாரும் வேலை வாங்க வேண்டியதில்லை. ஆனால் மழைக்காலக் கொழுந்துக்கும் வெயில் காலக் கொழுந்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு வயதிலிருந்தே கையால் தொட்டு அறிந்தது ஒரு தகுதி. அதைத் தகுதியாக எழுதலாம் என்றேன். முடிவை அவரிடமே விட்டேன். சேர்த்தார்.

தன்னைப் பற்றிய பகுதியில் முதல் சில வரிகள்தான் வெளியே தெரியும். மிச்சம் அழுத்தினால்தான் விரியும். ஆகவே இறுதியாண்டு ஆய்வில் என்ன அளந்தார், என்ன கண்டார் என்பதை முதல் இரண்டு வாக்கியத்தில் வைத்தார். கடின உழைப்பாளி, குழுவாக இயங்கக்கூடியவர் போன்ற சொற்கள் எல்லோரும் எழுதுபவை. அவற்றை எடுத்துவிட்டு, செய்யத் தெரிந்த பரிசோதனைகளின் பெயர்களை எழுதினார்.

படம் வீட்டில் பெரிய பிரச்சினையானது. மகளின் முகத்தை ஊரறியப் போடுவதற்கு அம்மா பயந்தார். பயம் நியாயமானது, முகநூலிலிருந்து படத்தை எடுத்துப் பொய்க் கணக்கு திறந்த சம்பவங்கள் எங்கள் பக்கத்திலும் நடந்திருக்கின்றன. படத்தை யார் பார்க்கலாம் என்பதை அந்தத் தளத்தில் கட்டுப்படுத்த முடியும். தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி அமைத்து அம்மாவிடம் காட்டிய பிறகு அவர் சம்மதித்தார். ஹட்டனில் ஸ்டூடியோ ஒன்றில் வெள்ளைப் பின்னணியில் எடுத்த படம். தொலைபேசி இலக்கத்தையும் பிறந்த திகதியையும் மறைத்தார். தொடர்புப் பட்டியலை மற்றவர்கள் பார்க்க முடியாதபடி பூட்டினார். இந்த நான்கு அமைப்புகளையும் எந்தப் பெண் பிள்ளையும் முதல் நாளே செய்துகொள்வது நல்லது.

கொழுந்துச் சாக்கு பற்றிய பதிவு

இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இது. வெறும் கணக்கைப் பார்த்து யாரும் பேச வரமாட்டார்கள். தனக்குத் தெரிந்த ஒன்றைப் பொதுவில் வைத்தால்தான் அறிமுகத்துக்கு ஒரு காரணம் பிறக்கும். என்ன எழுதுவது என்று கேட்டபோது, தொழிற்சாலையில் இருப்பவர்களுக்குப் பயன்படக்கூடிய, தோட்டத்தில் வளர்ந்தவருக்கு மட்டும் தெரியக்கூடிய ஒன்றை யோசிக்கச் சொன்னேன். சில நாள் கழித்து அவரே கண்டுபிடித்தார்.

கொழுந்தைச் சாக்கில் அமுக்கி அடைக்காதே என்று கங்காணி சொல்வதைக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். ஏன் அடைக்கக் கூடாது என்பதை அவர் விளக்கினார். பறித்த பிறகும் இலை சுவாசித்துக்கொண்டுதான் இருக்கும். சுவாசிக்கும்போது வெப்பம் வெளிவரும். காற்றோட்டம் இல்லாமல் அமுக்கிய சாக்கின் நடுவில் கைவிட்டால் சூடு தெரியும். நசுங்கிய இலையின் சாறு காற்றோடு கலந்து, தொழிற்சாலையில் நடக்க வேண்டிய நொதித்தல் சாக்குக்குள்ளேயே தொடங்கிவிடும். இலை சிவந்துபோகும். அப்படிப்பட்ட கொழுந்தை எவ்வளவு கவனமாக வாட்டி உருட்டினாலும் கோப்பையில் தெளிவு வராது. இதோடு, தேநீரை ருசி பார்ப்பதற்கான சர்வதேச முறை ஒன்றும் உண்டு: 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம் ஊறவைத்தல். அந்த முறையில் அவர் தம் ஆய்வுக்காக நல்ல கொழுந்தின் தேநீரையும் சிவந்த கொழுந்தின் தேநீரையும் ஒப்பிட்டிருந்தார். அதையும் இரண்டு வரியில் சேர்த்தார்.

படத்துக்குத் தொழிற்சாலைக்குள் போகவில்லை. அனுமதியில்லாமல் வேலைத்தலத்தைப் படமெடுத்துப் போடுவது தவறு. அம்மாவின் வேலைக்கும் ஆபத்து. வீட்டுக்குப் பின்னால் நின்ற செடியில் இரண்டு கொழுந்து எடுத்து, ஒன்றைக் கசக்கிச் சிவக்கவிட்டு, இரண்டையும் ஒரு வெள்ளைத் தட்டில் ஜன்னலோரம் வைத்து எடுத்தார். பச்சையும் செம்பும் அடுத்தடுத்து இருந்த அந்தப் படம் பேச வேண்டியதை எல்லாம் பேசியது. தோட்டத்தின் பெயர் எங்கும் இல்லை. யாரையும் குறை கூறும் தொனியும் இல்லை.

பதிவை லிங்க்ட்இன்னில் ஆங்கிலத்திலும் முகநூலில் தமிழிலும் போட்டார். இரண்டும் வேறு வேறு ஆட்களிடம் போய்ச் சேர்ந்தன. ஆங்கிலப் பதிவின் கீழ் பதுளை மாவட்டத்துத் தொழிற்சாலை உத்தியோகத்தர் ஒருவர், பறித்ததிலிருந்து எத்தனை மணி நேரத்தில் நிறம் மாறத் தொடங்கியது என்று கேட்டார். கொழும்பில் உணவுப் பரிசோதனைக் கூடமொன்றில் இருந்த சீனியர் அக்கா ஒருவர் அதைப் பகிர்ந்தார். தரகர் நிறுவனமொன்றில் இருந்தவர் தொடர்பு அழைப்பை ஏற்றுக்கொண்டார். தமிழ்ப் பதிவு வட்ஸ்அப் குழுக்களில் சுற்றி, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரிடம் போனது. அவர் யாரிடமோ இலக்கம் வாங்கி அழைத்து, மழையில் நனைந்த கொழுந்து இன்னும் விரைவாகச் சூடேறும், அதை எழுத மறந்துவிட்டாய் மகள் என்றார். அடுத்த பதிவு அதைப் பற்றியே வந்தது. அவருடைய அனுமதியோடு, ஓர் அனுபவசாலி சொன்னது என்று குறிப்பிட்டே எழுதினார்.

ஆங்கிலம் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம்தான். வாக்கியங்களைச் சிறியதாக வைத்தார், துறைச் சொற்களைச் சரியாகப் போட்டார், அனுப்பும் முன் தோழி ஒருவரிடம் காட்டினார். சிங்களத்தில் கருத்துச் சொன்னவர்களுக்குச் சிங்களத்திலேயே பதில் எழுதினார். விடுதி வாழ்க்கை கற்றுக்கொடுத்த மொழி அது. மூன்று மொழியிலும் ஒருவரோடு பேசிக்கொள்ளக்கூடியது நம் பிள்ளைகளின் பெரிய பலம் என்பதை அவர்களே உணராமல் இருக்கிறார்கள்.

கேட்ட விதம்

அந்தத் தளத்தில் பல்கலைக்கழகத்தின் பக்கத்துக்குப் போனால், அங்கு படித்தவர்கள் இப்போது எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், எந்தத் துறையில் இருக்கிறார்கள் என்று வடிகட்டிப் பார்க்கலாம். இலவசமான வசதி. பலருக்கு இது இருப்பதே தெரியாது. அவர் அதில் உணவு, தேயிலை, தரக்கட்டுப்பாடு என்று தேடி ஒரு சிறு பட்டியல் எடுத்தார். இலவசக் கணக்கிலிருந்து தொடர்பு அழைப்போடு குறிப்பு எழுதி அனுப்புவதற்கு மாதத்துக்குச் சிலவே அனுமதி. குறிப்பும் மிகச் சுருக்கமாகவே இருக்க வேண்டும். ஆகவே யாருக்கு என்ன எழுதுவது என்று யோசித்தே எழுத வேண்டியிருந்தது.

முன்பு அவர் அனுப்பிவந்த செய்தி இது: ‘வணக்கம் சேர், நான் உணவு விஞ்ஞானப் பட்டதாரி. உங்கள் நிறுவனத்தில் ஏதாவது வேலை இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். சுயவிபரக்கோவை இணைத்திருக்கிறேன்.’

பதில் வராததில் வியப்பில்லை. அறியாத ஒருவருக்கு வேலை வாங்கிக்கொடுக்கும் அதிகாரம் அந்த சேரிடம் பெரும்பாலும் இருக்காது, இல்லை என்று சொல்லவும் மனம் வராது, பேசாமல் விட்டுவிடுவார். மாற்றி எழுதியது இப்படி: ‘அக்கா, நீங்கள் படித்த அதே துறையில் நானும் முடித்தேன். நீங்கள் தேயிலைக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் தொடங்கியதைப் பார்த்தேன். முதல் வேலைக்குப் போகும்போது ஹசாப் பயிற்சி முடித்திருந்தீர்களா, உள்ளே போன பிறகு படித்தீர்களா?’

ஹசாப் (HACCP) என்பது உணவு உற்பத்தியில் பாதுகாப்பை உறுதிசெய்யும் முறை. இந்தச் செய்திக்கு ஒரு நிமிடத்தில் பதில் எழுதலாம். தன் அனுபவத்தைக் கேட்பதால் எழுதவும் மனம் வரும். பத்துப் பேருக்கு எழுதினால் மூன்று பேர் அளவில் பதில் தந்தார்கள். பதில் தராதவர்களை அவர் மீண்டும் தொந்தரவு செய்யவில்லை.

பலரும் தவறவிடுவது இதற்கு அடுத்த படியை. அந்த அக்கா, ஹசாப் குறுகிய காலப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது என்று சொல்லியிருந்தார். இவர் அதைச் செய்தார். செய்து முடித்துவிட்டு, ‘அக்கா, நீங்கள் சொன்ன பயிற்சியை முடித்துவிட்டேன். உணவு உற்பத்தியில் ஆபத்து எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பிரித்துப் பார்க்கும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது’ என்று எழுதினார். எதுவும் கேட்கவில்லை. ஆலோசனை சொன்னவருக்கு, சொன்னது வீண்போகவில்லை என்று தெரிவதைப் போல் மகிழ்ச்சி வேறில்லை. ஆசிரியையாக இருந்து இதை நான் அடித்துச் சொல்வேன்.

இவை எல்லாம் வசதியாக உட்கார்ந்து செய்தவை அல்ல. லயத்துக்குள் சிக்னல் வராது. மேல் ரோட்டில் கோயிலுக்குப் பக்கத்தில்தான் இணையம் ஒழுங்காக எடுக்கும். செய்திகளைக் கொப்பியில் எழுதி, திருத்தி, மாலையில் அங்கே போய் அனுப்பிவிட்டு இருட்டுவதற்குள் இறங்குவார். டேட்டா பொதி முடிந்துவிட்டால் அடுத்த மாதம்தான். அதனால்தானோ என்னவோ, அவர் அனுப்பிய ஒவ்வொரு செய்தியிலும் யோசனை இருந்தது.

வேண்டாத தொடர்புகள்

கணக்கு கண்ணில் படத் தொடங்கியதும் வேறு வகை ஆட்களும் வந்தார்கள். அழகாக இருக்கிறீர்கள் என்று எழுதிய ஆண்கள். அவர்களைப் பதில் இல்லாமல் தடுத்தார். அதைவிட ஆபத்தானது, தாய்லாந்தில் கணினித் தரவு பதியும் வேலை, விமான டிக்கெட் இலவசம், சுற்றுலா விசாவில் வந்தால் போதும் என்று வந்த செய்தி. சம்பளம் டொலரில். வீட்டில் அது பெரிய தொகை.

இப்படி அழைக்கப்பட்டு மியன்மாரின் மியாவடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி முகாம்களில் அடைத்து வைக்கப்பட்ட இலங்கையர்களைப் பற்றிய செய்திகள் 2023, 2024 ஆண்டுகளில் தொடர்ந்து வந்தன. சமூக ஊடகம் வழியாகவே பலர் அதில் சிக்கினார்கள். வெளிநாட்டு வேலை என்றால் முகவரின் உரிமம் செல்லுபடியாகிறதா என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பார்க்க வேண்டும். 1989 என்ற இலக்கத்தில் கேட்கலாம். சுற்றுலா விசாவில் வேலைக்கு வா என்பவர் யாராக இருந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வேலை உறுதியாகும் முன் அடையாள அட்டையின் படத்தையோ வங்கி விபரத்தையோ அனுப்பக் கூடாது. எங்கள் பிள்ளைகளின் வறுமையைக் கணக்குப் போட்டு வலை விரிக்கிறார்கள். இதை வகுப்பில் பாடமாகவே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கிடைத்ததும் கிடைக்காததும்

பயிற்சி முடித்ததைத் தெரிவித்துச் சில மாதங்கள் சென்ற பிறகு அந்த அக்காவிடமிருந்து செய்தி வந்தது. அவருடைய ஆய்வுகூடத்தில் பயிலுநர் ஒருவர் தேவை; இன்னும் விளம்பரம் செய்யவில்லை; சுயவிபரக்கோவையை இன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பு. முதல் நேர்காணல் இணையத்தில். அதற்காக ஹட்டன் நகரில் தோழியின் வீட்டுக்குப் போய் இருந்து பேசினார். இரண்டாவது நேர்காணலுக்கு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனார். அக்கா சிபாரிசு செய்யவில்லை. அந்த வேலை இருக்கிறது என்று சொன்னார், நேர்காணலில் என்ன மாதிரியான கேள்விகள் வரும் என்று சொன்னார். மிச்சத்தை இவர் தம் அறிவால் வென்றார். கொழுந்து பற்றிய பதிவை நேர்காணல் செய்தவர்களில் ஒருவர் முன்கூட்டியே படித்திருந்தார். அதைப் பற்றியே சிறிது நேரம் பேசினார்கள்.

அது தேயிலைக் கம்பனி அல்ல. பல வகை உணவுகளைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடம். பயிலுநர் கொடுப்பனவில் கொழும்பு விடுதிச் செலவுக்கே பெரும்பகுதி போனது. பயிலுநர் காலம் முடிந்து இப்போது நிரந்தரமாகியிருக்கிறார்.

அவர் ஆசைப்பட்ட தேயிலை ருசி பார்க்கும் துறை இன்றுவரை திறக்கவில்லை. அழைப்பை ஏற்ற அந்தத் தரகர் நிறுவனத்து மனிதர் இரண்டு கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொன்னார். அதற்கு மேல் நகரவில்லை. 2022 ஆய்வின் இரண்டாவது முடிவை இங்கேதான் பொருத்திப் பார்க்கிறேன். ஆய்வுகூடத் துறையில் ஆட்கள் வருவதும் போவதும் அதிகம். தகுதி தாளில் தெரியும். எட்ட இருந்து வந்த அறிமுகம் அங்கே போதுமானதாக இருந்தது. ருசி பார்க்கும் தொழில் ஆண்டுக்கணக்கில் ஒருவரின் பக்கத்தில் நின்று நாக்கைப் பழக்கிக் கற்பது. ஏலம் இணையத்துக்கு மாறினாலும் தொழிலுக்குள் நுழையும் வழி மாறவில்லை. நெருங்கிய தொடர்பு கேட்கும் கதவுகளை லிங்க்ட்இன் கணக்கு மட்டும் திறந்துவிடாது என்றே நான் கருதுகிறேன். அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்: தோட்டத்துப் பட்டதாரிகளுக்கென்று கம்பனிகளே பயிலுநர் இடங்களை ஒதுக்குவது போன்ற ஒன்று. அதைக் கேட்டு வாங்குவது ஒரு தனிப் பெண்ணின் பொறுப்பாக இருக்க முடியாது.

அதிர்ஷ்டத்தின் பங்கையும் மறைக்க விரும்பவில்லை. அந்த அக்கா இருந்த இடத்தில் அந்த நேரம் ஓர் இடம் காலியானது. ஆனால் காலியான அன்று அவருக்கு நினைவுக்கு வரும் பெயராக இவர் இருந்தார்; அது தற்செயல் இல்லை.

பட்டம் இல்லாதவர்களுக்கு இதே வழி பொருந்துமா என்று கேட்கிறார்கள். தளம் மாறும். எல்லவில் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப்போகும் இளைஞனுக்கும், பண்டாரவளையில் மின் இணைப்பு வேலை செய்பவனுக்கும் லிங்க்ட்இன் பெரிதாக உதவாது. முகநூல் பக்கமும் வட்ஸ்அப் வணிகக் கணக்கும் கூகுள் வரைபடத்தில் வாடிக்கையாளர் எழுதும் கருத்துகளும்தான் அவர்களுடைய சுயவிபரக்கோவை. செய்த வேலையைக் காட்டுவது, கேட்டவருக்கு நேரத்தோடு பதில் சொல்வது ஆகிய இரண்டும் அங்கேயும் இதே அளவு முக்கியம்.

இப்போது அவர் இன்னொன்றைத் தொடங்கியிருக்கிறார். லிங்க்ட்இன்னில் எங்கள் பாடசாலையின் பெயரைத் தேடினால் மிகச் சிலரே வருகிறார்கள். அங்கு படித்துப் பெரிய வேலைகளில் இருப்பவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதுகிறார்கள். தோட்டப் பகுதிப் பாடசாலையின் பெயரை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெயரையும் சேருங்கள் என்று அவரும் சில தோழிகளும் பழைய மாணவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சேர்த்தவர்களில் ஒருவர் டுபாயில் கப்பல் சரக்கு நிறுவனமொன்றில் கணக்காளர். இன்னொருவர் கண்டியில் சிவில் பொறியியலாளர். என் வகுப்பில் வணிகப் பிரிவில் படிக்கும் மாணவன் ஒருவன், எந்தக் கணக்கியல் பாடநெறியை முதலில் எடுப்பது என்று அந்தக் கணக்காளருக்கு எழுதியிருந்தான். பதில் இரண்டு பக்கத்துக்கு வந்திருக்கிறது.